குழந்தை யார் பெயரில்?

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் மணவிலக்கை ஆளுவது 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 92ஆம் பிரிவு பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளை யாரிடம் வளர்ந்தாலும் அதற்கு இருப்பிடம், உடை, உணவு, மருத்துவம், கல்வி ஆகியவற்றைத் தத்தம் வசதிக்கும் நிலைக்கும் ஏற்பத் தருவது தாய் தகப்பன் இருவரின் கடமை என்று அது சொல்கிறது. மருத்துவம் என்பது சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. ஆனால் மணவிலக்குப் பேச்சு நடக்கும்போது வீடு யாருக்கு, மாதம் எவ்வளவு, பிள்ளையை எந்தெந்த நாளில் பார்ப்பது என்பவையே முன்னால் வந்து நிற்கின்றன. மருத்துவம் பற்றிய கேள்வி பிள்ளை படுக்கையில் விழுந்த பிறகுதான் எழுகிறது. அப்போது கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் பேசுவதையே நிறுத்தியிருப்பார்கள்.

இந்தக் கேள்வியைப் பேராக் மாநிலத்தில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. லுமுட்டில் நாட்டின் முதன்மைக் கடற்படைத் தளம் இருக்கிறது. ஈப்போ நகரிலேயே சையது புத்ரா ராணுவ முகாம் உண்டு. பக்கத்தில் உலு கிந்தாவில் போலீஸ் பொது நடவடிக்கைப் படை. அதே மாநிலத்தில்தான் சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் இந்தான் வரை பழைய ரப்பர்த் தோட்டங்கள் கிடக்கின்றன. பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் தோட்டத்தை விட்டு வெளியேறியபோது போலீஸ், ராணுவம், கடற்படை என்று சீருடை வேலைகளுக்குப் போனார்கள். மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ், குடும்பத்துக்கு மருத்துவம் எல்லாம் அதில் இருந்தன. கூலி லயத்தில் வளர்ந்தவருக்கு அது பெரிய ஏற்றம்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளை. லுமுட்டில் கடற்படை வீரர். அம்மா ஈப்போ புந்தோங்கைச் சேர்ந்தவர். இரண்டு பிள்ளைகள். இளையவனுக்குக் காது சரியாகக் கேட்காது. திருமணம் முறிகிறது. குவார்ட்டர்ஸ் வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மா பிள்ளைகளோடு புந்தோங்கில் தன் தாய்வீட்டுக்கு வந்துவிடுகிறார். லுமுட்டுக்கும் ஈப்போவுக்கும் இடையே ஏறக்குறைய 80 கிலோமீட்டர். தளத்துக்குள் இருக்கும் ராணுவ மருத்துவமனைக்கு நேற்றுவரை மகனைக் கூட்டிக்கொண்டு போனவருக்கு இன்று தளத்து வாசலே அந்நியம்.

சட்டப்படி என்ன மாறியது? மணவிலக்கு ஆணை உறுதியானதும் அம்மா அந்த வீரரின் மனைவி இல்லை. மனைவி என்ற முறையில் கிடைத்த மருத்துவமும் போயிற்று. மகன் மட்டும் மகன்தான். மணவிலக்கு கணவன் மனைவி உறவை முறிக்குமே தவிர அப்பன் பிள்ளை உறவைத் தொடுவதில்லை. அரசு ஊழியர்களின் மருத்துவ உரிமையை வகுப்பது 1974ஆம் ஆண்டுப் பொது ஆணைகளின் ‘எஃப்’ அத்தியாயம். அதில் ஊழியரின் பிள்ளை 18 வயது வரையிலும், படித்துக்கொண்டிருந்தால் 21 வயது வரையிலும் இடம்பெறுகிறது. உடற்குறை உள்ள பிள்ளைக்கு வயது வரம்பு இல்லை. படையினருக்குத் தனி விதிகளும் தனி மருத்துவமனைகளும் உண்டு. ஆனாலும் அடித்தளம் ஒன்றே: உரிமை சேவையில் இருப்பவரைச் சார்ந்து நிற்கிறது, மற்றவர்கள் அவர் வழியாக வருகிறார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. உரிமை பிள்ளைக்கு இருக்கிறது. அதை நிரூபிக்கும் தாள் அப்பாவிடம் இருக்கிறது. அரசு ஊழியரின் பிள்ளை அரசாங்க மருத்துவமனைக்கு வரும்போது முகப்பில் கேட்பது ‘ஜீஎல்’ என்று எல்லோரும் சொல்லும் உத்தரவாதக் கடிதத்தை. அப்பாவின் பெயர், அடையாள அட்டை எண், பதவி, எந்த இலாகா, பிள்ளை என்ன உறவு எல்லாம் அதில் இருக்கும். முன்பு இலாகா அதிகாரி கையெழுத்திட்டுத் தருவார். இப்போது ஊழியரே கணினியில் எடுத்துக்கொள்ளலாம். ஊழியரே என்பதுதான் முக்கியம். முன்னாள் மனைவியால் அதை எடுக்க முடியாது. அப்பா கடலில் இருக்கலாம், சபாவுக்கு மாற்றலாகியிருக்கலாம், மறுமணம் செய்திருக்கலாம், வேண்டுமென்றே போனை எடுக்காமலும் இருக்கலாம். எந்தக் காரணமானாலும் முகப்பில் நிற்கும் தாய்க்கு விளைவு ஒன்றுதான்.

மலேசியாவில் இதனால் பிள்ளை செத்துப்போவதில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல நாடுகளில் நிலைமை அப்படியல்ல. குடிமகனாக இருக்கும் எந்தப் பிள்ளையும் அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்க்கலாம். நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். மூன்றாம் வகுப்பு வார்டில் ஒரு நாளைக்கு 3 ரிங்கிட். தாய்சேய் கிளினிக்கில் தடுப்பூசி இலவசம். அப்பா யார், என்ன வேலை, கல்யாணம் நிலைத்ததா முறிந்ததா என்று அந்த 1 ரிங்கிட் கேட்பதில்லை. பிள்ளையின் அடையாள அட்டையான மைகிட் போதும். மணமுறிவைத் தாங்கி நிற்கும் மருத்துவப் பாதுகாப்பு என்று இந்நாட்டில் ஒன்று இருக்குமானால் அது இதுதான் என்பது என் கருத்து. சுங்கை சிப்புட்டின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரும் ஈப்போவில் நெஞ்சக நோய் மருத்துவராகப் பணியாற்றியவருமான டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் பல ஆண்டுகளாக அரசாங்க மருத்துவமனைகள் தனியார்மயமாவதை எதிர்த்துப் போராடிவருகிறார். அந்தப் போராட்டத்தை ஏழைகளுக்கான போராட்டமாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். தனியாளாய்ப் பிள்ளை வளர்க்கும் ஒவ்வொரு தாய்க்கும் அதில் பங்கு இருக்கிறது.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கை முறிவு என்றால் 1 ரிங்கிட்டும் 3 ரிங்கிட்டும் போதும். வித்தியாசம் தெரிவது நீண்டநாள் குறையில். மருத்துவமனையில் கிடைக்காத மருந்து, செயற்கை உறுப்பு, உடம்பில் பொருத்தும் கருவி போன்றவற்றை மற்றக் குடிமக்கள் பெரும்பாலும் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். அரசு ஊழியரின் பிள்ளைக்கானால் விதிகளுக்கு உட்பட்டு அரசாங்கம் அந்தச் செலவை ஏற்கிறது. நம் கற்பனைக் குடும்பத்தின் இளையவனுக்கு வேண்டியது காதுக்கருவி. ஆக, யாருக்கு அப்பாவின் தாள் மிகவும் தேவையோ அந்தப் பிள்ளைக்குத்தான் அது வந்து சேராமல் போனால் பெரிய இழப்பு.

தோட்டத்துக் காலத்தில் இது எப்படி இருந்தது என்று பார்ப்பது பயன் தரும். பிரிட்டிஷார் காலத்துத் தொழிலாளர் சட்டங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியை முதலாளியின் பொறுப்பாக்கின. பெரிய தோட்டங்களில் சொந்த ஆஸ்பத்திரி. மற்றவை சேர்ந்து நடத்தும் பொது ஆஸ்பத்திரி. வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை வந்துபோகும் டாக்டர். அன்றாடம் இருந்தவர் டிரசர். ஊசி போட்டவர், புண்ணுக்கு மருந்து வைத்தவர், மலேரியாவுக்குக் குனைன் கொடுத்தவர், வேலைக்குப் போகலாமா கூடாதா என்று சீட்டு எழுதியவர் எல்லாம் அவரே. 1965இல் இந்த மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய ஒரு தனிச் சட்டமே வந்தது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டமும் தோட்டத் தொழிலாளிக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் மருத்துவம் தரும் பொறுப்பை முதலாளியின் மேல் வைத்தது.

அந்த ஏற்பாட்டை நான் புகழ வரவில்லை. நோய் அதிகம், மருந்து குறைவு, துரையின் மனம் போல் வசதி. பத்து காஜா அருகே தோட்டத் துரை கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட மாளிகையைப் பார்க்கப் போகிறவர்கள் பக்கத்தில் உள்ள மாரியம்மன் கோயிலையும் பார்ப்பார்கள். கட்டுமானத்தின்போது தொழிலாளர்களிடையே கொள்ளைநோய் பரவ, அவர்கள் கேட்டதற்கிணங்கத் துரை கட்டிக்கொடுத்த கோயில் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கோபுரச் சிலைகளுக்கு நடுவே தொப்பி வைத்த துரையின் உருவமும் நிற்கிறது. மருத்துவம் உரிமையாக இல்லாமல் கருணையாக இருந்த காலத்தின் சாட்சி அந்தச் சிலை.

ஆனால் தோட்டத்தில் ஒரு விஷயம் இன்றைய நிலையைவிட மேலாக இருந்தது. அதைப் பேசுவார் குறைவு. தோட்டத்தில் பெண்ணும் தொழிலாளி. விடியற்காலைப் பெரட்டில் ஆணோடு நின்று பேர் கொடுத்தவள், தன் பெயரில் நிரை வாங்கி மரம் வெட்டியவள், தன் பெயரில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் இருந்தவள். குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போனவள். கணவன் ஓடிப்போனாலும், வேறொருத்தியோடு அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டாலும், அவள் பெயர் செக்ரோலில் இருக்கும்வரை பிள்ளை அவளைச் சார்ந்த பிள்ளை. டிரசரிடம் போக அப்பன் பெயரைச் சொல்லி நிற்க வேண்டியதில்லை. வீடு பெரும்பாலும் ஆண் பெயரில் இருந்தது உண்மை. கங்காணியும் கிராணியும் அவளை என்ன பாடு படுத்தினார்கள் என்பது தனிக் கதை. இருந்தாலும் பிள்ளையின் மருந்து அவள் உழைப்பின் கணக்கிலும் எழுதப்பட்டிருந்தது.

1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போன தோட்டங்களைச் சிறு சிறு துண்டாக வாங்கியவர்கள் ஆஸ்பத்திரி நடத்தப் போவதில்லை. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தத் துண்டாடலை எதிர்கொள்ளத்தான். தொழிலாளிகளே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்க வேண்டும் என்ற எண்ணம் பல குடும்பங்களைக் காப்பாற்றியது. ஆனால் பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான் வீடுகள் வந்தன. தோட்டம் போனபோது வேலையோடு வீடு, ஆயாக்கொட்டகை, டிரசர் எல்லாமே போயின. நகரத்துக்கு வந்த பெண்களில் பலர் வீட்டோடு இருந்தார்கள். வேலைக்குப் போனவர்களும் பெரும்பாலும் உணவுக்கடையிலோ துப்புரவுக் குத்தகையாளரிடமோ, குடும்ப மருத்துவம் என்ற பேச்சே இல்லாத வேலைகளில். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ தொழிலாளியின் விபத்துக்கும் ஊனத்துக்கும் இருக்கிறது; தொழிலாளியின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் சொக்சோவில் வழி இல்லை. ஆகக் குடும்பத்தில் நல்ல மருத்துவ வசதி இருந்தால் அது அப்பாவின் வேலையில் இருந்தது: படை, போலீஸ், அல்லது ஜெலாப்பாங், மெங்லெம்பு தொழிற்சாலை கொடுக்கும் மெடிக்கல் கார்டு. தலைமுறை ஏறியது. தாயின் பெயர் மட்டும் கணக்கிலிருந்து இறங்கியது.

மெடிக்கல் கார்டு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலாளி கொடுப்பது வேலையோடு போய்விடும். அப்பா சொந்தமாக எடுத்த பாலிசியானால் அவர் பிரிமியம் கட்டுவதை நிறுத்தும் நாளில் முடிந்துவிடும். தாய் புதிதாக எடுக்கப் போனால் பிள்ளைக்கு ஏற்கெனவே உள்ள நோயை வெளியே வைத்துவிடுவார்கள்.

மற்ற நாட்டுப் படைகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? அமெரிக்காவில் எல்லோருக்குமான 1 ரிங்கிட் கிளினிக் போன்ற ஏற்பாடு இல்லாததால் அங்கே இந்தக் கேள்வி உயிர்க்கேள்வி. ராணுவ மருத்துவக் காப்பீடான ட்ரைகேரில் வீரரின் சொந்தப் பிள்ளையும் தத்துப்பிள்ளையும் பெற்றோர் பிரிந்தாலும் 21 வயது வரை, முழுநேரக் கல்லூரியில் படித்தால் 23 வயது வரை நீடிக்கிறார்கள். தத்தெடுக்கப்படாத மாற்றான் பிள்ளை, மணவிலக்கு இறுதியான நாளிலேயே வெளியே போகிறது. முன்னாள் மனைவி நீடிக்க வேண்டுமானால் 20 ஆண்டு மணவாழ்க்கை, 20 ஆண்டு சேவை, இரண்டும் 20 ஆண்டு ஒன்றின் மேல் ஒன்று பொருந்தியிருக்க வேண்டும். கடுமையான விதிதான். ஆனால் குடும்பத்தினர் ஒவ்வொருவரும் படையின் மையப் பதிவேட்டில் தனித்தனியாகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறார்கள். சிகிச்சைக்குச் சிகிச்சை அப்பாவிடம் கடிதம் வாங்க வேண்டியதில்லை. இந்தியாவில் 2003 ஏப்ரலில் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இன்னொரு பக்கத்தைக் கவனித்தது: கணவனை இழந்தோ மணவிலக்குப் பெற்றோ வீடு திரும்பும் மகளும் தந்தையைச் சார்ந்தவளாக ஏற்கப்படுகிறாள். மணமுறிவில் பெண் எங்கே போவாள் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

நம்மிடையே இன்னொரு சிக்கலும் உண்டு. அது படையினருக்கு மட்டும் உரியதல்ல. 1982க்குப் பிறகு கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. திருமணத்தைப் பதிய வேண்டும். பழைய தோட்டக் குடும்பங்களில் இதைச் செய்யாமல் விட்டவர்கள் இன்றும் உண்டு. தாலி கட்டியாயிற்று, ஊர் சோறு சாப்பிட்டாயிற்று, தாள் எதற்கு என்ற எண்ணம். அதன் விலையைப் பிள்ளை கொடுக்கிறது. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில், தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டுக்கொண்டால் ஒழிய அப்பா பெயர் ஏறாது. குடியுரிமையும் தாயைப் பின்பற்றும். தாய் வெளிநாட்டவரானால், அப்பா தலைமுறை தலைமுறையாகப் பேராக்கில் வாழ்ந்தவராக இருந்தாலும், பிள்ளை வெளிநாட்டவர். மருத்துவமனையில் 1 ரிங்கிட் இல்லை. 2014ஆம் ஆண்டுக் கட்டண ஆணைப்படி வெளிநாட்டவர் கட்டணம். கல்யாணமே சட்டத்தில் இல்லாதபோது மணவிலக்கும் இல்லை. மணவிலக்கு நீதிமன்றத்தில் கேட்டு வாங்கும் பாதுகாப்பும் இல்லை. மலேசியா 1995இல் ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தபோது, பிறப்புப் பதிவையும் நாட்டுரிமையையும் பேசும் 7ஆம் விதிக்கு விலக்குக் கேட்டது. அந்த விலக்கு இன்னும் நீக்கப்படவில்லை. நாட்டின் மருத்துவ வலை எவ்வளவு விரிந்திருந்தாலும் அதில் உள்ள ஓட்டை இந்த விலக்குதான் என்பேன்.

நீதிமன்ற ஆணை கையில் இருந்தாலும் போதாது என்பதை ஈப்போ நன்றாக அறியும். மழலையர்பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியின் வழக்கை அறியாத மலேசியத் தமிழர் இல்லை. 2009இல் கணவர் மதம் மாறி, மூன்று பிள்ளைகளையும் தாயின் சம்மதமில்லாமல் மாற்றி, 11 மாதக் கைக்குழந்தையைக் கொண்டுபோனார். 2010இல் ஈப்போ உயர்நீதிமன்றம் மூவரின் பராமரிப்பையும் தாய்க்குக் கொடுத்தது. 2016இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த மனிதரைக் கைது செய்யத் தேசிய போலீஸ் தலைவருக்கு உத்தரவிட்டது. 2018 ஜனவரி 29இல் பிள்ளையின் மதமாற்றத்துக்குத் தாய் தகப்பன் இருவர் சம்மதமும் வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அத்தனை தீர்ப்புகளுக்குப் பிறகும் கடைசி மகள் தாயிடம் வந்துசேரவில்லை. குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி போட்டார்கள், என்ன நோய் வந்தது என்று அந்தத் தாய்க்குச் சொல்லும் கடமை யாருக்கும் இல்லாமல் போனது. ஜீஎல் கடிதம் கிடைக்காத தாயின் துன்பத்தை இதனோடு ஒப்பிட முடியாது. ஆனால் இரண்டிலும் சட்டம் ஒரு பக்கத்திலும் அதை நடத்திவைக்கும் கை வேறொரு பக்கத்திலும் இருக்கின்றன.

செய்ய முடிந்தவை உண்டு. 1999இல் சிறார் பாதுகாவலர் சட்டம் திருத்தப்பட்ட பிறகு முஸ்லிம் அல்லாத தாய்க்குத் தகப்பனுக்குச் சமமான பாதுகாவலர் உரிமை இருக்கிறது; அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்திட அவருக்கு அப்பாவின் தயவு வேண்டாம். இருவரும் சேர்ந்து மனுச் செய்யும் மணவிலக்கில் என்னென்ன எழுத வேண்டும் என்பதை அவர்களே தீர்மானிக்கலாம். அங்கே மருத்துவத்துக்குத் தனிப் பத்தி இருக்க வேண்டும்: பிள்ளையின் பெயர் அப்பாவின் சேவைப் பதிவில் நீடிக்கும், கேட்ட இத்தனை நாளுக்குள் கடிதம் வரும், வராவிட்டால் தாய் செய்த செலவை அப்பா திருப்பித் தருவார், அப்பா சேவையை விட்டு விலகினால் உடனே தெரிவிப்பார். கடைசி வரி முக்கியம். ஓய்வூதியத் தகுதிக்குரிய ஆண்டுகளை முடிக்காமல் படையை விட்டு விலகுபவரின் குடும்பத்துக்கு ஓய்வூதியக்காரர் குடும்பத்தின் வசதிகள் தொடர்வதில்லை. பராமரிப்புத் தொகை வராவிட்டால் சம்பளத்தில் பிடிக்க உத்தரவு வாங்க 1968ஆம் ஆண்டுச் சட்டம் வழி தருகிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தப்படி பிள்ளைக்கான பராமரிப்பு 18 வயதோடு நிற்காமல் மேற்படிப்பு முடியும்வரை நீளலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் ஈப்போவிலுள்ள சட்ட உதவித் துறைக்குப் போகலாம்.

இவை எல்லாம் தாய் தன் முயற்சியில் செய்துகொள்ளும் தற்காப்பு. அரசாங்கம் செய்ய வேண்டியது வேறு, அது சிறியது. சேவையில் உள்ளவரின் பிள்ளை யார் என்று இலாகாவுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை யாருடைய பராமரிப்பில் இருக்கிறது என்று நீதிமன்றம் ஆணையில் எழுதியிருக்கிறது. மைகிட் எண் தேசியப் பதிவிலாகாவில் இருக்கிறது. மூன்றையும் சேர்த்து, உத்தரவாதக் கடிதம் பிள்ளையின் சொந்த எண்ணில் மருத்துவமனை முகப்பிலேயே தெரியும்படி செய்துவிட்டால், அதைக் கேட்டு எந்தத் தாயும் முன்னாள் கணவரின் முகாம் வாசலில் நிற்க வேண்டியதில்லை. பொதுச் சேவைத் துறையும் தற்காப்பு அமைச்சும் இதைச் செய்ய வேண்டும். அதுவரை, மணவிலக்கு மனுவில் கையெழுத்துப் போடப் போகும் பெற்றோர் இருவரும் பிள்ளையின் மருத்துவத்துக்கு ஒரு பத்தி எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.